புள்ளியா, கோடா, வடிதடமா? மலையில் கண்ணாடி வேலை செய்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

போன் எடுத்ததும் முதல் வாக்கியத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். "அண்ணா, நேத்துக் கழுவின கண்ணாடி பூரா வெள்ளைப் புள்ளி" என்றால் அது 'போல்' வேலை, அதாவது நீளும் கம்பத்தின் நுனியில் பிரஷ் வைத்துக் கழுவியது. "நூல் பிடிச்ச மாதிரி கோடு கோடா இருக்கு" என்றால் கை வேலை, வைப்பரால் இழுத்தது. "மேலேயிருந்து அழுத மாதிரி வழிஞ்சிருக்கு" என்றால் அதுவும் போல் வேலைதான், ஆனால் தப்பு தண்ணீரில் இல்லை.

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி மூன்று பக்கமும் பங்களா, ஹோம்ஸ்டே, ரிசார்ட் என்று கண்ணாடி துடைத்துப் பிழைக்கிறேன். ஏணியும் வைப்பருமாகத் தொடங்கியவன். போல் வாங்கிய முதல் ஆறு மாதத்தில் செய்யாத தவறு இல்லை. கீழே இருப்பவற்றில் பாதி அப்போது கற்றது.

இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கை வேலை என்றால் வாளியில் சோப்புத் தண்ணீர், உறை போட்ட தேய்ப்புக் கட்டை, ரப்பர் வைப்பர், ஓரம் துடைக்க ஒரு துணி. இன்று நாம் பிடிக்கும் ஒற்றை ரப்பர் வைப்பருக்கு 1936இல் அமெரிக்காவில் எட்டோரே ஸ்டெக்கோனே காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு அந்த வடிவத்தில் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை, வரத் தேவையும் இருக்கவில்லை. போல் வேலை என்றால் நீளும் கம்பம், நுனியில் பிரஷ், கம்பத்துக்குள் ஓடும் ஹோஸ், அதில் உப்பு நீக்கிய தண்ணீர். தேய்த்து, அலசி, ஈரத்தோடு விட்டுவிட்டு வந்துவிடுவோம். தண்ணீரில் உப்பு இல்லையென்றால் காய்ந்த பிறகு கண்ணாடியில் எதுவும் மிஞ்சாது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

ஆகவே கை வேலையில் அழுக்கை வைப்பர் இழுத்து வந்து துணியில் சேர்க்கிறது. போல் வேலையில் அழுக்கு வெளியேற ஒரே ஒரு வழிதான் உண்டு, கீழே வடிவது. என்ன பிழை வந்தாலும் நான் முதலில் கேட்பது "அழுக்கு எங்கே போச்சு?" என்பதைத்தான். போக வழியில்லாமல் நின்ற இடத்தில் பிழை தெரியும்.

காய்ந்த பிறகு கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி

தண்ணீரைப் பாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இல்லாமல் போல் வேலைக்குப் போவது தராசு இல்லாமல் கடை போடுவது மாதிரி. அளக்கும்போது டேங்க்கில் முக்கி அளக்காதீர்கள், பிரஷ் நுனியில் வரும் தண்ணீரை அளக்க வேண்டும். டம்ளரை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டுப் பிடியுங்கள். டம்ளரில் ஒட்டியிருந்த காபி மிச்சமே மீட்டரை ஏமாற்றிவிடும், எனக்கு நடந்திருக்கிறது. 10 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் பத்துப் பங்கு உப்பு) கீழே இருந்தால் புள்ளி வராது என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. நான் 5 தாண்டினாலே சிலிண்டருக்குள் உப்பைப் பிடிக்கும் ரெசினை மாற்றிவிடுவேன், ஏனென்றால் 5 ஆன பிறகு 15 ஆக அதிக நேரம் ஆகாது.

மலையில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட் என்ற பழைய கருங்கல் வகை, சுண்ணாம்புக்கல் கிடையாது. ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலியிலிருந்தும் குன்னூருக்கு ரேலியா அணையிலிருந்தும் வருவது மழை பிடித்துத் தேக்கிய தண்ணீர். குழாய்த் தண்ணீரை அளந்தால் என் மீட்டரில் பெரும்பாலும் இரண்டு இலக்கத்தில்தான் நிற்கும். இந்தத் தண்ணீருக்குச் சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. கருவிகூட வேண்டாம், ரெசின் சிலிண்டர் ஒன்று போதும்.

ஆனால் இதை நம்பி ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். கோத்தகிரி பக்கம் ஒரு விடுதியில் குழாய்த் தண்ணீர் என்று நினைத்து இணைத்தது டேங்கரில் வந்த தண்ணீர். எந்தக் கிணறோ தெரியாது, மீட்டர் 300ஐத் தாண்டியது. நான் அளந்ததே இரண்டாம் நாள்தான். ரெசின் பிடிக்கும் உப்புக்கு ஒரு அளவு உண்டு. 50 பி.பி.எம். தண்ணீரில் ஆறாயிரம் லிட்டர் தரும் சிலிண்டர் 300 பி.பி.எம். தண்ணீரில் ஆயிரம் லிட்டரிலேயே படுத்துவிடும். கணக்கு அவ்வளவு நேரானது. அதனால் இடம் மாறினால் ஒரு தடவை, டேங்கர் வந்து இறக்கினால் இன்னொரு தடவை அளந்துவிடுங்கள்.

ரெசின் தீர்ந்துவிட்டதை மூக்கும் சொல்லும். தண்ணீரில் மீன் வாடை வந்தால் உள்ளே ஒரு வகை ரெசின் முடிந்துவிட்டது என்று பொருள். அப்போது மீட்டரில் ஒரு வேடிக்கையும் நடக்கும், உள்ளே போகும் தண்ணீரைவிட வெளியே வரும் தண்ணீர் அதிக எண் காட்டும். மீட்டர் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். சிலிண்டரில் உப்பைப் பிடிக்கும் இரண்டு வகை ரெசின் கலந்திருக்கிறது. அதில் ஒன்று முதலில் தீர்ந்தால் தண்ணீர் அமிலமாகிவிடும், அமிலத்தைத்தான் மீட்டர் உப்பாகக் காட்டுகிறது.

மீட்டர் சுழியம் காட்டியும் கண்ணாடி முழுக்க மங்கலாக ஒரு படிவு வருகிறதா? அது சிலிக்காவாக இருக்கலாம். கருங்கல் பாறையில் ஊறி வரும் தண்ணீரில் சிலிக்கா இருக்கும், அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, அதனால் மீட்டருக்குத் தெரியாது. ரெசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவி வெளியே வருவதும் அதுதான். ரெசினை மாற்றிவிட்டு அதே கண்ணாடியை ஒரு முறை அலசிப் பாருங்கள்.

மேல் ஓரத்திலிருந்து மட்டும் வழிந்த தடம், நடுவில் சுத்தம்

இதில் தண்ணீருக்குப் பங்கில்லை, ஜன்னல் சட்டத்தில்தான் சிக்கல். கண்ணாடியின் தலைக்கு மேல் இருக்கும் மரம், பீடிங், புட்டி வெடிப்பு, வெளிறிய பெயின்ட் எல்லாவற்றிலும் தண்ணீர் ஏறி உட்கார்ந்திருக்கும். நாம் கண்ணாடியை அலசி முடித்துப் போனபின் அது நிதானமாக இறங்கிவரும், அழுக்கையும் கூட்டிக்கொண்டு.

மலையில் இது இரட்டிப்பு. வெயில் விழாத பக்கத்துச் சட்டங்களில் பாசி பிடித்திருக்கும். தென்மேற்கு மழை அடிக்கும் பக்கத்தில், குறிப்பாக ஊட்டிக்கு மேற்கே இருக்கும் வீடுகளில், ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை மரம் காயவே காயாது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கு மழை அந்த வேலையைச் செய்கிறது. பாசிப் பொடி மேலே இருக்கும்போது கண்ணாடியை எத்தனை தடவை அலசினாலும் அது திரும்ப வரும்.

முதல் தடவை போகும் வீட்டில் என் வரிசை இதுதான். அந்தச் சுவரில் இருக்கும் எல்லா ஜன்னல்களின் மேல்சட்டத்தையும் முதலில் தேய்த்து அலசிவிடுவேன், கண்ணாடியைத் தொடமாட்டேன். கடைசி ஜன்னல் முடிந்ததும் முதல் ஜன்னலுக்குத் திரும்புவேன். அதற்குள் மேலே நின்ற தண்ணீர் வடிந்திருக்கும். அப்புறம் கண்ணாடி. அலசும்போது பிரஷ் மேல்சட்டத்தைத் தொடவே கூடாது. தம்பிமார்கள் தவறுவது இங்கேதான், முடிக்கும்போது ஒரு அழகுக்காக மேலே ஒரு இழுப்பு இழுப்பார்கள். அந்த ஒரு இழுப்பில் எல்லாம் போய்விடும்.

இன்னொரு காரணம் யாருக்கும் உடனே தோன்றாது. பழைய சோப்பு. பல வருடம் கை வேலை செய்த வீட்டில் சட்டத்தின் இடுக்கிலெல்லாம் சோப்பு காய்ந்து உட்கார்ந்திருக்கும். நாம் முதல் தடவை போல் போட்டதும் அது கரைந்து இறங்குகிறது. வீட்டுக்காரருக்கு "புது மெஷின் சரியில்லை" என்றுதான் தெரியும். இரண்டாவது, மூன்றாவது முறையில்தான் தெளியும். இதை வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் சாக்காகத்தான் கேட்கும்.

சட்டத்து பெயின்ட்டை விரலால் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி விரலில் ஒட்டினால் அந்த ஜன்னலுக்குப் போல் வேண்டாம். எத்தனை வருடம் அலசினாலும் பெயின்ட் கரைந்துகொண்டே இருக்கும். கை வேலை செய்யுங்கள், சட்டத்தை நனைக்காமல்.

தண்ணீர் ஏடாக இறங்காமல் முத்து முத்தாக நிற்கிறது

சில கண்ணாடி தண்ணீரை விரித்து ஏற்கும், சில கண்ணாடி விரட்டும். புதிதாகச் சிலிக்கான் அடித்த ஜன்னலும், யாரோ பாலிஷ் போட்ட கண்ணாடியும் விரட்டும் வகை. முத்தாக நிற்கும் ஒவ்வொரு துளியிலும் கொஞ்சம் அழுக்கு தங்கிவிடும். பிரஷ்ஷைத் தூக்கி, தூரத்திலிருந்து பீய்ச்சி அலசினால் துளிகள் அப்படியே நிற்கும். இந்தக் கண்ணாடிக்குப் பிரஷ் கண்ணாடியிலேயே இருக்க, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தபடி அலச வேண்டும். ஊசி மாதிரி அடிக்கும் நாசிலைவிட விசிறி மாதிரி விரியும் நாசில் இதற்கு நல்லது. மாறாகத் தண்ணீர் ஏடாக இறங்கும் கண்ணாடியில் பிரஷ்ஷைத் தூக்கியே அலசலாம், சீக்கிரம் முடியும்.

காயவே இல்லை

மேகம் இறங்கிய நாளில் இதைப் பிழை என்று சொல்லக் கூடாது. காற்றே ஈரமாக இருக்கும்போது கண்ணாடி எங்கே காயும்? ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஈரம் நிற்கும். தண்ணீர் சுத்தமாக இருந்தால் பாதகமில்லை, மதியம் போய்ப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும்.

ஆனால் அதற்குள் வீட்டுக்காரர் வெளியே வந்துவிடுவார். குன்னூரில் ஒரு ஹோம்ஸ்டே அம்மா நான் ஹோஸைச் சுருட்டும்போது வந்து நின்றார். "ஏங்க, துடைக்காமலே கிளம்புறீங்க?" என்றார். துடைக்கத் தேவையில்லை என்று விளக்கினேன். "தண்ணியை ஊத்திட்டுப் போறதுக்கா இவ்வளவு காசு?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது, அந்த நிமிடத்தில் கண்ணாடி அப்படித்தான் இருந்தது. ஒரு ஜன்னலை மட்டும் வைப்பரால் இழுத்துக் காட்டினேன். மற்றவற்றைச் சாயங்காலம் பார்த்துவிட்டுக் காசு அனுப்பச் சொன்னேன். அனுப்பிவிட்டார். அதிலிருந்து மூடுபனி நாளில் வாசல் பக்கம், வரவேற்பறைப் பக்கம் இரண்டையும் கை வேலையாகச் செய்துவிடுகிறேன். கண்ணுக்கு முன்னால் இருப்பது உடனே காய்ந்தாக வேண்டும். பின்பக்கம் போல்.

துடைத்த அரை மணியில் திரும்ப ஈரமாகிவிடுகிறது என்றால் அது உள்பக்க வியர்வையா வெளிப்பக்கமா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஹீட்டர் ஓடும் அறையில் உள்பக்கம் வியர்க்கும். அதற்கு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்வதைத் தவிர நம்மால் ஆவது ஒன்றுமில்லை.

புள்ளி இல்லை, வடிதடம் இல்லை, ஆனாலும் மங்கல்

எண்ணெய்ப் படலம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயிலை இழுப்பது எண்ணெய் எரித்து ஓடும் நீராவி எஞ்சின். தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் கண்ணாடியில் விரலை இழுத்தால் கறுப்பாக வரும், அதில் பிசுக்கும் இருக்கும். குன்னூரைத் தாண்டி ஊட்டிப் பக்கம் டீசல் எஞ்சின், அங்கே இவ்வளவு இல்லை. உணவு விடுதிகளில் சமையலறைப் புகைபோக்கிக்கு அருகில் இருக்கும் கண்ணாடியும் இதே ரகம்.

சுத்தத் தண்ணீர் தூசியைத் தூக்கும், பிசுக்கைத் தூக்காது. பிரஷ் அதைப் பரப்பிவிடும், பிறகு பிரஷ்ஷே பிசுக்காகி அடுத்த பத்து ஜன்னலையும் கெடுக்கும். இந்த வீடுகளுக்கு முதல் தடவை சோப்போடு கை வேலைதான், அதன் பிறகு மாதா மாதம் போல் போட்டுப் பராமரிக்கலாம். எட்டாத உயரம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கலந்து பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு மடங்கு நேரம் அலசுங்கள்.

குரங்கு மூக்கை வைத்துப் பார்த்த அடையாளமும் உள்ளங்கை அடையாளமும் இதே கூட்டம்தான், ஆனால் சின்ன விஷயம். பிரஷ்ஷை இரண்டு தடவை அழுத்தினால் போய்விடும். மறுநாள் குரங்கு திரும்ப வரும், அதற்கு நான் பொறுப்பில்லை என்று முன்பே சொல்லிவிடுவேன். பறவை எச்சத்தை மட்டும் காய்ந்தபடியே தேய்க்காதீர்கள், நனைத்து ஊறவிட்டு அடுத்த ஜன்னலை முடித்துவிட்டு வாருங்கள்.

வைப்பர் போட்ட கண்ணாடியில் கோடு

நூல் மாதிரி ஒரே ஒரு கோடு, ஒவ்வொரு இழுப்பிலும் அதே இடத்தில் வந்தால் ரப்பரில் வெட்டு இருக்கிறது. விரல் நகத்தால் விளிம்பைத் தடவினால் அகப்படும். ரப்பரைக் கழற்றித் திருப்பிப் போடுங்கள், இரண்டு பக்கமும் போயிருந்தால் புதிது மாற்றுங்கள். ரப்பரில் சிக்கனம் பிடிப்பவர் துணியில் நேரத்தைச் செலவழிப்பார்.

இரண்டு இழுப்புக்கு நடுவில் கோடு என்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. இரண்டு விரல் அகலமாவது ஏறவேண்டும். ஓரத்தில் கோடு என்றால் வைப்பர் தொடங்கும் இடம் ஈரமாக இருந்தது. இழுப்பதற்கு முன் மேல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு உலர்த்திக்கொள்ளுங்கள்.

ரப்பர் டகடகவென்று குதித்தால் கண்ணாடி காய்ந்துவிட்டது, அல்லது சோப்பு போதவில்லை, அல்லது ரப்பர் கெட்டியாகிவிட்டது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இந்த மூன்றாவதுதான் அதிகம். வைப்பர் ரப்பரில் கெட்டி, மிருது என்று இரண்டு வகை கிடைக்கிறது. வெயில் ஊருக்குக் கெட்டி, குளிருக்கு மிருது. கோயம்புத்தூரில் வாங்கி வந்த ரப்பர் காலை எட்டு மணிக்குத் தலைகுந்தாவில் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும்.

கோடே இல்லை, ஆனால் வெயில் பட்டால் பால் மாதிரி ஒரு திரை தெரிகிறது என்றால் சோப்பு அதிகம். இது கீழிருந்து வரும் ஆட்கள் எல்லோரும் செய்யும் தவறு. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் எட்டாத பகுதியில் போர் தண்ணீரில் பழகியவர் கை தாராளமாகத்தான் ஊற்றும், ஏனென்றால் உப்புத் தண்ணீரில் நுரை வராது. நம் மலைத் தண்ணீர் மென்மையானது, அதே அளவு ஊற்றினால் வாளி பொங்கிவிடும். ஒரு வாளிக்குச் சில சொட்டு போதும். வைப்பர் வழுக்கிக்கொண்டு போனால் சரி, நுரை கண்ணாடியில் தங்கினால் அதிகம். இந்த மிச்சச் சோப்புதான் பின்னால் போல் போடும்போது வடிதடமாக வருகிறது என்பதையும் மேலே சொல்லியிருக்கிறேன்.

பிரஷ்ஷில் தண்ணீர் மெலிந்து வருகிறது

ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பத்தில் ஆறு தடவை அதுதான். குளிரில் ஹோஸ் விறைத்து, தேயிலைச் செடி மூட்டில் சிக்கி மடங்கும். அடுத்து நாசில் ஓட்டை. பிரஷ்ஷில் ஒரு நாசில் மட்டும் அடைத்திருந்தால் தண்ணீர் ஒரு பக்கமாக வரும், மெல்லிய ஊசியால் குத்திவிடலாம்.

பிறகு தண்ணீரைத் தள்ளும் மோட்டாரின் பேட்டரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இரவு வண்டியிலேயே விட்டிருந்தால் இன்னும் மோசம். அறைக்குள் எடுத்துவந்து சார்ஜ் போடுங்கள்.

ஆர்.ஓ. வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கதை. அந்தச் சவ்வின் அளவெல்லாம் 25 டிகிரி தண்ணீருக்குச் சொல்லப்பட்டது. தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் உற்பத்தி சுமார் மூன்று சதவீதம் குறையும். ஊட்டியில் ஜனவரிக் காலையில் டேங்க் தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் எழுதியிருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். சவ்வு கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். மார்ச்சில் பழையதைப் போட்டுப் பார்த்தால் நன்றாக ஓடியது. முதல் நாள் மதியமே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வதுதான் வழி. சவ்வுக்கு முன்னால் கார்பன் ஃபில்டர் இருக்கட்டும், நகராட்சித் தண்ணீரில் இருக்கும் குளோரின் சவ்வைத் தின்றுவிடும்.

ஆர்.ஓ. எனக்குப் பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது சுத்தமாக்கித் தருவதைவிடக் கழிவாக வெளியே தள்ளுவது அதிகமாக இருக்கும். மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் ஊர் முழுக்க விருந்தாளிகள், குழாயில் தண்ணீர் சில நாளுக்கு ஒரு தடவை. அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்காரர் கண்ணெதிரே வடிகாலில் தண்ணீரை ஓடவிட என் மனது ஒப்பவில்லை. போலுக்கே நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் வேண்டும். கை வேலைக்கு ஒரு வாளியில் ஒரு வீட்டையே முடித்துவிடலாம். கோடையில் தண்ணீர் கணக்கில் வைப்பர்தான் ஜெயிக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் தண்ணீரே வரவில்லை

உறைபனி. காந்தல், தலைகுந்தா மாதிரித் தாழ்வான இடங்களில் புல் வெள்ளையாக இருக்கும் காலைகளில் ஹோஸுக்குள் நின்ற தண்ணீரும் கட்டியாகியிருக்கும். மோட்டாரைப் போட்டுத் தள்ளப் பார்க்காதீர்கள். உறையும் தண்ணீர் சுமார் ஒன்பது சதவீதம் விரியும், மோட்டார் தலையும் ஃபில்டர் கூடும் பிளந்துவிடும். வெயிலில் வைத்துக் காத்திருங்கள். முந்தின நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் வடித்துவிட்டு, ரெசின் சிலிண்டரை வீட்டுக்குள் கொண்டு வைப்பதுதான் வைத்தியம்.

உறைபனி படிந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். படிக்கட்டில் சிந்தும் தண்ணீரும் அந்த நேரத்தில் ஆபத்து. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் பத்து மணிக்கு முன் நான் போலைத் தொடுவதில்லை, உள்பக்கக் கண்ணாடியை முடித்துக்கொண்டிருப்பேன். உள்பக்கம் எப்போதும் கை வேலைதான் என்று சொல்லவே வேண்டாம்.

கம்பம் நீள மாட்டேன் என்கிறது, அல்லது நழுவி இறங்குகிறது

இரண்டுக்கும் மணல்தான் காரணம். ஈரக் கம்பத்தை மண்ணில் படுக்க வைத்தால் செம்மண் ஏறிவிடும். எண்ணெய், கிரீஸ் எதுவும் போடாதீர்கள், இன்னும் மண் பிடிக்கும். கழற்றி, வெறும் தண்ணீரில் அலசி, துணியால் துடையுங்கள். அதற்குப் பிறகும் நழுவினால் கிளாம்ப் திருகை இறுக்குங்கள்.

அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது

பழைய பங்களாக்களில் நடக்கும். தேக்கு மரச் சட்டம், ஆளி எண்ணெய்ப் புட்டி, சின்னச் சின்னக் கட்டம் கட்டமாகக் கண்ணாடி. புட்டி வெடித்திருக்கும், சில கண்ணாடி வெறும் ஆணியில் நிற்கும். வேலை தொடங்கும் முன் கையெட்டும் கட்டங்களில் கண்ணாடியை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், ஆடினால் அந்த ஜன்னலுக்குப் போல் கிடையாது. பிரஷ் மோதி ஒரு துண்டு விழுந்தால் அந்த அலை அலையான பழைய கண்ணாடிக்கு மாற்று எங்கே தேடுவது? நான் ஒன்றை உடைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் திட்டவில்லை, அந்தத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

இப்படிப்பட்ட ஜன்னலுக்குச் சின்ன வைப்பர், பிழிந்த உறை, நிறையத் துணி. ஒரு ஜன்னலுக்கு இருபது நிமிடம் ஆகும். அதற்கேற்ற கூலியைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.

எதைச் செய்தாலும் போகாத கறை

வெள்ளைப் படிவு, நகத்தால் கீறினால் பொடியாக வந்தால் அது சுவருக்கு அடித்த சுண்ணாம்போ, தோட்டத்துக் குழாய் தினமும் தெளித்துத் தெளித்துச் சேர்ந்த உப்போ. எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து ஒற்றி, ஊறவிட்டு, கையால் எடுங்கள். கல், சிமென்ட் மேல் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறவிட்டும் போகாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது, அது கறை இல்லை.

ஸ்டிக்கர் பசைக்கு நீலகிரித் தைலத்தைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது. துணியில் நனைத்து ஐந்து நிமிடம் ஒட்டி வைத்தால் பசை இளகிவிடும். பிறகு சோப்புப் போட்டு அந்த எண்ணெயையும் எடுத்துவிட வேண்டும், மறந்தால் மேலே சொன்ன மங்கல் வரும்.

இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் இரண்டு ஏட்டுக்கும் நடுவில் ஆவி படிந்திருந்தால் அதன் ஓரச் சீல் போய்விட்டது. போலாலும் முடியாது, கையாலும் முடியாது. ஒரு தடவை துடைத்துக் காட்டிக் காசு வாங்கிவிட்டால் அடுத்த வாரம் போன் வரும்.

ஏணியா, போலா என்று முடிவு செய்ய முடியவில்லை

நம் ஊர் வீடுகள் சரிவில் நிற்பவை. வாசலில் பார்த்தால் ஒரு மாடி, பின்னால் போய்ப் பார்த்தால் மூன்று மாடி, அதற்குக் கீழே தேயிலை. நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி ஏணியின் கால் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த ஒரு அடி சமதளம் பின்பக்கத்தில் எங்கே இருக்கிறது? மழை பெய்த மண்ணில் ஒரு கால் இறங்கினால் போதும். பின்பக்கம் என்றால் யோசிக்காமல் போல்தான் எடுப்பேன், புள்ளி விழுந்தால் விழட்டும், திரும்ப வந்து அலசிக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்று என்னைத் தடுக்கும், மின்கம்பி. சரிவான ஊரில் தெருக் கம்பி சில வீடுகளின் ஜன்னல் மட்டத்திலேயே ஓடும். கார்பன் ஃபைபர் கம்பம் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியமும் கடத்தும். கண்ணாடி இழைக் கம்பத்தையும் ஈரமாக இருக்கும்போது நம்பக் கூடாது. சுத்தத் தண்ணீர் மின்சாரம் கடத்தாதே என்று ஒரு தம்பி கேட்டான். பிரஷ்ஷை விட்டு அழுக்கோடு சேர்ந்த நொடியில் அது சுத்தத் தண்ணீர் இல்லை என்றேன். அதனால் வீட்டைச் சுற்றி நடந்து, நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியிலிருந்து கம்பத்தை இறக்குவேன். கம்பம் முழுதாக நீண்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடக் கூடாது, அது போக மூன்று மீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் அந்த ஜன்னலை அறைக்குள்ளிருந்து திறந்து கையெட்டும் வரை துடைக்கிறேன். திறக்காத ஜன்னல் என்றால் அதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, அதற்குக் காசும் வாங்குவதில்லை.